அறுத்த ஸ்டியரர்: 54 சைஸ் கார்பன் பைக் ஏன் பொருந்தவில்லை? ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சைக்கிளோட்டி தனி ஒருவர் அல்லர். சிங்கப்பூரில் நாற்பது வயதைத் தாண்டி முதல் ரோட் பைக் வாங்குகிறவர்களிடம் அடிக்கடி காணும் சிக்கல்களை ஒரே ஆளாகத் தொகுத்திருக்கிறோம். அளவுகளும் கணக்கும் மட்டும் யாரும் தங்கள் வண்டியில் போட்டுச் சரிபார்க்கக்கூடியவை.

ஆளும் வண்டியும்

வயது 45, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. தெம்பனிசில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, நாள் முழுக்கக் கணினி முன் வேலை. அதுவரை ஓட்டியது நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட். ஞாயிறு விடியற்காலையில் சாங்கி கடலோரம், ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா என்று 50 கி.மீ. சுற்றுவார். வாரநாளில் பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம்.

கைமாற்றில், அதாவது இன்னொருவர் ஓட்டிய பழைய வண்டியாக, ஒரு கார்பன் பந்தய பைக் 3,200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைத்தது. விற்றவர் அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: "அண்ணே, ஃபுல் கார்பன், 7.6 கிலோதான். நீங்க 168-ஆ? 54 சைஸ் சரியா வரும், கவலையே படாதீங்க." வண்டி பளபளவென்று இருந்தது. பிரேக் குழாய்கள் எல்லாம் உள்ளே ஓடின. ஹேண்டில்பாரும் அதை வண்டியோடு பிணைக்கும் ஸ்டெம்மும் ஒரே கார்பன் துண்டு. வாங்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் மூன்று தொல்லைகள். இருபது கிலோமீட்டர் தாண்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். கழுத்தின் பின்புறம் இறுகி, திங்கட்கிழமை வரை விடாது. கடைசியாக, முழங்காலின் முன்பக்கத்தில் வலி. இதற்கெல்லாம் அவர் செய்த வைத்தியம்: ஜெல் கையுறை, இரட்டைச் சுற்று ஹேண்டில் டேப், மெத்தென்ற சீட். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை 25 மி.மீ. இறக்கினார், அதன் அடிக்கம்பிகளில் முன்னுக்கும் தள்ளினார். மரத்துப்போவது அப்படியே இருந்தது. முழங்கால் வலி சீட்டை இறக்கிய பிறகுதான் ஆரம்பித்தது என்பதை அவரே பின்னால்தான் கவனித்தார்.

கூட ஓட்டுகிறவர்கள் சொன்ன முடிவு ஒன்றுதான்: "கார்பன் ரொம்ப விறைப்பு. ஸ்டீல் வாங்குங்க, இல்லேன்னா காசு சேத்து டைட்டானியம் போங்க." அதனால் அவர் கொண்டுவந்த கேள்வி, எந்த உலோகம் வாங்குவது என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன் அளவுநாடாவை எடுத்தோம்.

உடம்பை அளப்பது

காலணி இல்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நிற்க வேண்டும். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி. தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு சுவரை ஒட்டியிருக்கட்டும். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உள்கால் நீளம். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. முதல் முறை எல்லோரும் கூச்சத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தே அழுத்துவார்கள். இவருக்கு 77 செ.மீ. வந்தது. 168 செ.மீ. உயரத்துக்கு இது கொஞ்சம் குட்டைக்கால், நீண்ட உடல்.

உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் (பெடலைத் தாங்கும் கிராங்க் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரத்துக்கு ஒரு தொடக்க மதிப்பு கிடைக்கும். 770-ஐப் பெருக்கினால் 680 மி.மீ. இது வேதவாக்கு அல்ல. ஷூவின் அடித்தடிப்பு, பாதம் மிதிக்கும் பாணி, கிராங்க் நீளம் எல்லாம் சில மில்லிமீட்டர் மாற்றும். சரிபார்க்க எளிய வழி, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலைப் பெடலில் வைப்பது: இடுப்பு சாயாமல் கால் நேராக வேண்டும். பிறகு ஷூ போட்டு மிதிக்கும்போது, கால் அடிமட்டத்தில் இருக்கையில் முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பக்கவாட்டில் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கலாம்.

அவர் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த சீட் உயரம் 655. முழங்கால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சீட் தாழ்ந்தால் முழங்கால் கூடுதலாக மடங்கிய நிலையிலேயே அழுத்தம் கொடுக்கிறது. அந்தச் சுமை முழங்கால் சில்லின் பின்புறத்தில் விழுகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை அப்படி மிதிக்கிறது.

தோள்பட்டை எலும்பின் இரு முனைகளுக்கு இடையே 39 செ.மீ. வண்டியில் இருந்த ஹேண்டில்பார் 44. கிராங்க் 172.5 மி.மீ.; இவருடைய கால் நீளத்துக்கு 165 அல்லது 170 போதும்.

வண்டியை அளப்பது

54, 56, மீடியம் என்று ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு காலத்தில் அது சீட் குழாயின் நீளம். இன்று ஃபிரேம்களின் மேல்குழாய் சரிந்து வருவதால் ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 52 ஆக இருக்கும். ஒப்பிட உதவுவன இரண்டே எண்கள். ஸ்டாக் என்பது பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்முனையில் நிற்கும் குட்டைக் குழாய்) உச்சி வரை உள்ள செங்குத்து உயரம். ரீச் என்பது அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான கிடைமட்ட தூரம்.

பழைய வண்டிக்கு நிறுவனத்தின் அட்டவணை கிடைக்காவிட்டால் வீட்டிலேயே அளக்கலாம். சமமான தரையில் வண்டியை நிமிர்த்தி, முன்சக்கரம் சுவரைத் தொடும்படி நிறுத்த வேண்டும். தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட்டின் நடு வரை ஒன்று, தரையிலிருந்து ஹெட் டியூபின் உச்சி வரை ஒன்று, கழித்தால் ஸ்டாக். சுவரிலிருந்து அதே இரண்டு இடங்களுக்குக் கிடைமட்டமாக அளந்து கழித்தால் ரீச். இந்த வண்டியில் 812-இலிருந்து 268 போக ஸ்டாக் 544. ரீச் 384. பந்தய வடிவத்துக்கு இது வழக்கமான எண்தான்.

ஆனால் கை பிடிப்பது ஹெட் டியூபை அல்லவே. அதற்கு மேல் மூடி, உயரம் கூட்டும் வளையங்களான ஸ்பேசர், ஸ்டெம் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. ஸ்டியரர் குழாய், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூப் வழியாக மேலே வந்து ஸ்டெம்மைத் தாங்கும் தண்டு, 73 டிகிரியில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், மேலே போகப் போக ஹேண்டில்பார் உயர்வதோடு ஓட்டுபவரை நோக்கியும் வருகிறது; பத்து மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஏறத்தாழ 9.5 உயரும், 3 பின்னால் வரும். இந்த வண்டியில் ஸ்பேசர் ஒன்றுகூட இல்லை. மூடி 5 மி.மீ., ஸ்டெம்மின் பாதி உயரம் 20, ஸ்டெம் நீளம் 120, கீழ்நோக்கி 10 டிகிரி. எல்லாவற்றையும் கூட்டினால் ஹேண்டில்பாரின் நடு, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து 583 மி.மீ. உயரத்தில், 496 மி.மீ. முன்னால் இருக்கிறது. சீட்டை முறையாக 680-இல் வைத்தால் அதன் செங்குத்து உயரம் 652. ஆக, ஹேண்டில்பார் சீட்டைவிட 69 மி.மீ. கீழே.

இருபத்தைந்து வயதில் வாரம் 300 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 69 பெரிதில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தொடைப் பின்தசை இறுகிப்போன 45 வயதுக்காரருக்கு இது எட்டாத இடம். இடுப்பு முன்னால் சுழல மறுக்கும்போது முதுகு வளையும், தோள் முன்னால் போகும், உடல் எடை உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டின் சுண்டு விரல் பக்கத்தில் ஓடும் நரம்பு ஹேண்டிலுக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. மரத்தது சரியாக அந்த இரண்டு விரல்கள்தான் என்பதே இதற்கு அடையாளம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை வளைத்துப் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கி நாள்கணக்கில் உணர்வு திரும்பாவிட்டாலோ, பிடி தளர்ந்தாலோ மருத்துவரிடம் போவதே முறை.

ஜெல் கையுறை ஏன் உதவவில்லை என்பதும் இதில் இருக்கிறது. கையில் விழும் எடை குறையவில்லை. மெத்தை மட்டும் தடித்தது.

இதே வண்டியைத் திருத்த முடியுமா?

எல்லா உறுப்புகளையும் நகர்த்தக்கூடிய அளவீட்டு சைக்கிளில் உட்கார வைத்து, முழங்கை லேசாக மடிந்து, கையை ஒரு நொடி எடுத்தாலும் உடல் முன்னால் சரியாத இடத்தைத் தேடினால் இவருக்கு வந்த ஹேண்டில்பார் நிலை: உயரம் 622, முன்தூரம் 448. சீட்டிலிருந்து இறக்கம் 30 மி.மீ. மட்டும். இருக்கும் வண்டியோடு ஒப்பிட்டால் 39 மி.மீ. உயர்த்த வேண்டும், 48 மி.மீ. உள்ளே இழுக்க வேண்டும்.

முதலில் தோன்றுவது ஸ்டெம்மைக் குட்டையாக்குவது. 90 மி.மீ. நீளமும் கீழ்நோக்கி 6 டிகிரியும் உள்ள ஸ்டெம் போட்டால் முன்தூரம் 465-க்கு வரும். உயரம்? 585. வெறும் இரண்டு மில்லிமீட்டர் லாபம். 70 மி.மீ. ஸ்டெம் போட்டால் நீளம் 445 என்று சரியாகிவிடும், உயரம் 581 என்று இன்னும் இறங்கும். அதோடு, பந்தய பைக்கில் அவ்வளவு குட்டை ஸ்டெம் போட்டால் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து திருப்பத்தில் வண்டி பதற்றமாகும்.

உயரம் வேண்டுமென்றால் ஸ்பேசர் போட வேண்டும். மேல்மூடியின் ஆலன் போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கார்பன் ஸ்டியரர் குழாய், ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழேயே முடிந்திருந்தது. முதல் உரிமையாளர் வண்டி பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று குழாயை ஒட்ட அறுத்துவிட்டார். அறுத்த குழாயை நீட்ட வழியில்லை. உள்ளே இணைப்புக்குழாய் செருகி உயரம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கார்பன் ஸ்டியரரில் அதை அனுமதிக்கவே கூடாது. அது உடைந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். மிஞ்சிய வழி புது ஃபோர்க். அதே மாடல், அதே வண்ணம் கிடைத்தாலும் ஃபோர்க், புது காக்பிட் (ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும்), பிரேக் குழாய்களை அவிழ்த்து எண்ணெய் மாற்றிக் கோக்கும் கூலி என்று கணக்குப் போட்டால் ஒரு நல்ல அலுமினிய பைக்கின் விலையில் பாதியைத் தொட்டது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குழாய் அறுபடாமல் இருந்திருந்தால், 10 மி.மீ. மூடியும் 30 மி.மீ. ஸ்பேசரும் 90 மி.மீ. ஸ்டெம்மும் போட்டு உயரம் 618, முன்தூரம் 455 வரை கொண்டுவந்திருக்கலாம். இலக்கிலிருந்து நான்கும் ஏழும் மில்லிமீட்டர்தான் விலகல். சீட்டை நகர்த்தாமலே பெரும்பாலோர் பழகிக்கொள்ளும் வித்தியாசம். அதாவது கார்பன் குற்றவாளி இல்லை. 54 என்ற சைஸ்கூட முழுக் குற்றவாளி இல்லை. கைமாற்று வண்டி பார்க்கப் போனால் எடையைக் கேட்பதற்கு முன் ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை ஸ்பேசர், மேலே எத்தனை ஸ்பேசர் என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் அந்த வண்டி முந்தைய ஆளின் உடம்புக்குத் தைத்த சட்டை.

இனி உலோகம்

ஸ்டீல் மென்மை, அலுமினியம் முரடு, கார்பன் விறைப்பு, டைட்டானியம் சொர்க்கம் என்று நான்கு வாக்கியங்கள் சைக்கிள் பேச்சில் சுற்றிவருகின்றன. பாதி உண்மைகூடத் தேறாது.

மூன்று உலோகங்களின் நெகிழ்வெண்ணை (விறைப்பைக் காட்டும் எண்) அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். ஸ்டீல் 200 கிகாபாஸ்கல், கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியம் 70, 2.7, டைட்டானியம் ஏறத்தாழ 108, 4.5. மூன்றுக்கும் விடை 24-க்கும் 26-க்கும் நடுவில். எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாட்டைக் கொண்டுவருவது குழாயின் விட்டம். மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கும் சுவர்த்தடிப்புக்கும் ஏற்பக் கூடும். 28.6 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. தடிப்புள்ள ஸ்டீல் குழாய்க்குப் பதில் 40 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் குழாய் வைத்தால் விறைப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும், எடை கால் பங்குக்கு மேல் குறையும். பழைய பருத்த அலுமினிய வண்டிகள் முரடாக இருந்ததற்குக் காரணம் வடிவமைப்பாளர் தேர்ந்த அந்த விட்டம்தான். அலுமினியம் என்ற பெயரே முரடு என்றாகிவிட்டது.

கார்பனில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அடுக்குக்கு அடுக்கு மாற்றலாம். அதனால் பெடல் பக்கம் விறைப்பாகவும் சீட் பக்கம் இளக்கமாகவும் ஒரே ஃபிரேமைச் செய்ய முடிகிறது. உண்மையான மேன்மை அதுதான். ஆனால் ஃபிரேம் செங்குத்தாக வளைவது மிகச் சொற்பம். டயரும், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் அதைப் பல மடங்கு மிஞ்சும். 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ காற்று அடித்த டைட்டானியம் பைக்கைவிட, 32 மி.மீ. டயரில் 60 பிஎஸ்ஐ அடித்த மலிவு அலுமினியம் பைக் நடைபாதை ஓடுகளில் சொகுசாக ஓடும். ஆகவே ஃபிரேம் வாங்கும்போது எந்த உலோகம் என்று கேட்பதைவிட, எத்தனை மி.மீ. டயர் வரை இடம் இருக்கிறது என்று கேட்பது புத்திசாலித்தனம்.

எடைக்கு வருவோம். நல்ல அலுமினிய ஃபிரேம் 1.2 முதல் 1.5 கிலோ, நடுத்தரக் கார்பன் ஒரு கிலோவை ஒட்டி. வண்டி முழுவதிலும் ஒரு கிலோ குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 88 கிலோ. நான்கு நிமிடம் ஏறும் மேட்டில் மிச்சமாவது மூன்று வினாடிக்கும் குறைவு. இந்தத் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ.; அங்கே தாழ்ந்து குனிந்து காற்றைக் கிழிப்பதாலும் பெரிய பயன் இல்லை.

சிங்கப்பூரில் உலோகத் தேர்வு நிஜமாகவே பேச வேண்டியது அரிப்பைப் பற்றி. ஆண்டு முழுதும் ஈரக்காற்று, ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை, கடலோரப் பாதை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மணி நேரத்தில் மேல்குழாயிலும் ஹெட்செட்டிலும் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) சொட்டும் வியர்வை. வீட்டுக்குள் டிரெய்னரில் மிதிப்பவர்களின் வண்டியில் ஹெட்செட் போல்ட் துருப்பிடிப்பது மழையால் அல்ல, வியர்வையால்.

ஸ்டீல் உள்ளிருந்து அரிக்கும். மழையில் ஓட்டியபின் சீட் போஸ்ட்டை உருவி, வண்டியைத் தலைகீழாக்கி நீரை வடிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வடிதுளை இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்கிறவருக்கு ஸ்டீல் பல பத்தாண்டு உழைக்கும். செய்யாதவருக்கு இந்த ஊரில் ஸ்டீல் வேண்டாம்.

அலுமினியத்தில் தண்ணீர்ப் புட்டி மாட்டும் திருகு ஓட்டைகளைச் சுற்றி வண்ணம் கொப்பளித்தால் அடியில் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். ஸ்டீல் திருகும் அலுமினியக் குழாயும் உப்புநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. அலுமினியத்துக்குக் களைப்பு வரம்பு கிடையாது என்பதும் உண்மைதான். சின்னச் சுமையும் சேர்ந்து சேர்ந்து என்றாவது விரிசல் தரலாம். ஆனாலும் ஒழுங்காகச் செய்த ஃபிரேம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரின் ஆயுளில் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது.

கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் அதில் பதித்த அலுமினியத் துண்டுகள் அரிக்கும். கார்பனும் அலுமினியமும் வியர்வையில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப் பொங்கி, சீட் போஸ்ட் ஃபிரேமோடு இறுகிவிடும். ஒருமுறை இறுகினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் ஃபிரேமும் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்து, கார்பன் இருக்கும் இடத்தில் மணற்பிடிப்புள்ள கார்பன் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். கிரீஸ் போட்டால் போஸ்ட் வழுக்கும். வழுக்குகிறதே என்று போல்ட்டை அழுத்தி முறுக்குவார்கள். சீட் கிளாம்ப் பக்கம் கார்பன் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். சிங்கப்பூர் வெயிலில் கார்பன் இளகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஃபிரேமின் பிசின் இளகும் வெப்பம் இங்கத்திய வெயிலுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மின்தூக்கிக் கதவில் ஹேண்டில்பார் இடித்து ஃபிரேம்மேல் மடங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

டைட்டானியம் எதற்கும் அசையாது, ஆனால் அதற்குள் செருகிய அலுமினிய போஸ்ட்டும் பாட்டம் பிராக்கெட்டும் இறுகும். தாமிரம் கலந்த இறுகல்தடுப்பு பேஸ்ட் கட்டாயம். விலையைப் பார்த்தபின் இவர் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

உலோகம் எதுவானாலும் பாட்டம் பிராக்கெட் மரை போட்டதா, அழுத்திச் செருகியதா என்று பார்க்க வேண்டும். அழுத்திச் செருகும் வகையில் ஓட்டையின் அளவு இம்மி பிசகினாலும் மழைநீரும் மணலும் புகுந்து, மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் கிரீச்சிடும். இங்கே அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி. மரை வகையை எந்தக் கடையிலும் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ளலாம்.

கைமாற்றுக் கார்பனைச் சோதிக்கும் விதம்

இவருடைய பழைய வண்டியை விற்பதற்கு முன் சோதித்த வரிசை இது. வாங்கப் போகிறவருக்கும் இதுவே பொருந்தும். முதலில் வண்டியை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். அழுக்கின் கீழ் விரிசல் தெரியாது. டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாக அடித்து ஹெட் டியூப் சந்திப்பு, கீழ்க்குழாயின் அடிப்பகுதி, பாட்டம் பிராக்கெட் சுற்று, செயின் பக்கப் பின்குழாயின் உள்முகம், ஃபோர்க்கின் தோள், சீட் கிளாம்ப் வெட்டு ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். கணீரென்ற ஒலி சட்டென்று மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கினாலோ சரசரத்தாலோ பேரம் பேசவே வேண்டாம். வண்ணத்தில் மட்டும் கீறலா, நாரிலும் விரிசலா என்று கண்ணால் பிரிக்க முடியாத இடத்தில் மீயொலிச் சோதனை செய்பவரிடம் போக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அவர் வண்டியில் விரிசல் இல்லை. ஸ்டியரர் எவ்வளவு மிச்சம் என்பதை மில்லிமீட்டரில் எழுதி, படத்தோடு விளம்பரம் போட்டார். 2,700 வெள்ளிக்குப் போனது.

எதை எடுத்தார்

இலக்கு 622, 448. ஸ்டெம் 90 மி.மீ., ஸ்பேசர் 20, மூடி 10 என்று நடுவாக வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தேவையான ஃபிரேம் ஸ்டாக் 557, ரீச் 375. நடுவாக வைப்பதில் ஒரு காரணம் இருக்கிறது: இன்னும் உடல் இளகினால் இறக்க 20 மி.மீ. இருக்கும், முதுகு முரண்டு பிடித்தால் ஏற்றவும் கொஞ்சம் இருக்கும். ஸ்பேசர் எவ்வளவு அடுக்கலாம் என்பதற்குக் கார்பன் ஸ்டியரரில் வரம்பு உண்டு. வழக்கமாக 30 அல்லது 40 மி.மீ., நிறுவனத்தின் கையேட்டில் எழுதியிருக்கும்.

இந்த இரண்டு எண்களோடு தேடியபோது பந்தய வரிசை தானாகவே விலகியது. நெடுந்தூர ஓட்டத்துக்கென்று செய்த வடிவங்கள், சைஸ் 52 அல்லது ஸ்மால், வரிசையில் நின்றன. ஒரு ஸ்டீல் கைமாற்று வண்டி அளவில் அழகாகப் பொருந்தியது. ஆனால் ரிம் பிரேக், 25 மி.மீ. டயருக்கு மேல் இடமில்லை. ஒரு புதுக் கார்பன், ஸ்டாக் 560, ரீச் 373, எல்லாம் சரி; ஆனால் பிரேக் குழாய்கள் முழுக்க ஸ்டெம் வழியாக உள்ளே ஓடின. உடம்புக்கேற்ப ஸ்டெம்மை ஒன்றுக்கு இரண்டு முறை மாற்றிப் பார்க்க வேண்டிய கட்டத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிரேக் குழாயைத் திறப்பது தண்டச் செலவு. கடைசியில் எடுத்தது அலுமினியம்: ஸ்டாக் 559, ரீச் 374, 35 மி.மீ. டயர் வரை இடம், மரை வைத்த பாட்டம் பிராக்கெட், ஹைட்ராலிக் டிஸ்க், குழாய்கள் ஸ்டெம்முக்கு வெளியே. 27.2 மி.மீ. உருண்டை சீட் போஸ்ட். விலை 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,350 வெள்ளி. மிஞ்சிய பணத்தில் ஒரு கார்பன் சீட் போஸ்ட், 40 செ.மீ. ஹேண்டில்பார், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச். கார்பனுக்குப் பணம் இருந்தாலும் இந்த நிலையில் இதையே சொல்லியிருப்போம்.

வெளிநாட்டு இணையத்தளங்களில் இதே ஃபிரேம் மலிவாகத் தெரிந்தது. கூரியர் கட்டணமும் ஜிஎஸ்டியும் ஏறினபின் வித்தியாசம் கரைந்தது. கடையில் வாங்கினால் ஸ்டியரரை அறுக்காமல் வைக்கச் சொல்லலாம். அவர் சொல்லியும் வைத்தார்: "தம்பி, குழாய இப்போ அறுக்க வேண்டாம், மேல ஸ்பேசர் போட்டு விட்டுடுங்க. ரெண்டு மாசம் ஓட்டிட்டு வர்றேன்."

பொருத்திய அளவுகள்

கிராங்க் 170, சீட் உயரம் 682-இல் தொடங்கியது. புது ஷூவின் அடி மெல்லிது என்பதால் 679-க்கு வந்தது. சீட் கிடைமட்டம், மூக்கை ஒரு டிகிரி இறக்கினால் சிலருக்குச் சுகம், இரண்டைத் தாண்டினால் உடல் முன்னால் வழுக்கி மறுபடியும் கைக்கு எடை வரும். கிராங்க் கிடைமட்டமாக இருக்கையில் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் பெடல் அச்சுக்கு ஐந்து மி.மீ. பின்னால் விழுந்தது. அதை அப்படியே விட்டோம். சீட்டை முன்னால் தள்ளி எட்டாத ஹேண்டிலை எட்டுவது என்ற பழைய பழக்கம் இத்தோடு போனது.

டயர் 32 மி.மீ., டியூபோடு முன்னால் 58, பின்னால் 62 பிஎஸ்ஐ. ரிம் கொக்கியில்லாத வகை என்றால் 72 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கவே கூடாது; பழைய பழக்கத்தில் 100 அடித்தால் டயர் ரிம்மிலிருந்து தெறித்துவிடும். சீட் போஸ்ட் கிளாம்ப், ஸ்டெம் போல்ட்டுகள் எல்லாம் 5 நியூட்டன் மீட்டர், அல்லது அந்தந்த உறுப்பில் அச்சடித்த எண். இரண்டும் முரண்பட்டால் அச்சடித்திருப்பதே செல்லும். முதல் 100 கி.மீ. கழித்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார்த்ததில் ஸ்டெம்மின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. சீட் போஸ்ட்டில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு ஒட்டினால், அது இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

முழங்கால் வலி இரண்டு வாரத்தில் போனது. கழுத்து ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. இடது கை சரியாகிவிட்டது. வலது கை 45 கி.மீ.க்குப் பிறகு இன்னமும் லேசாக மரக்கிறது: படம் எடுத்துப் பார்த்ததில் வலது பிரேக் பிடி இடதைவிட நான்கு மில்லிமீட்டர் தாழ்வாக, உள்ளே திரும்பிய நிலையில் பூட்டப்பட்டிருந்தது. டேப்பை அவிழ்த்து அதை நேராக்கியாயிற்று. அதன் பலன் அடுத்த ஞாயிறு ஓட்டத்தில் தெரியும், அதுவரை ஸ்டியரர் குழாய் அறுபடாமலே இருக்கிறது.